பதினான்கு புத்தகமும் ஒரு பேரேடும்

என் டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. புத்தகங்கள் 14, ரூ. 5,140. ஆன்லைன் வகுப்பு, ரூ. 7,999. பரிகாரம், ரூ. 5,500. சம்பளப் பிடித்தத்தில் போன விடுப்பு 9 நாள், ரூ. 7,200. ஆக மொத்தம் ரூ. 25,839. அப்போது என் மாதச் சம்பளமே 24,000 தான். கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அழுதுகொண்டே இருந்தாலும் செலவை எழுதாமல் விட்டதில்லை. காதல் முறிந்தவர்கள் புத்தகத்தைத் தேடிப் போவது இப்போது சாதாரணமாகிவிட்டது. எந்தப் புத்தகம், எப்படிப் படிப்பது, எப்போது மூடி வைப்பது என்று அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் இதில் பாதியாவது மிச்சமாகியிருக்கும். அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

2022 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அந்த போன் வந்தது. பதினொரு நிமிடம் பேசினான். "வீட்டுல பேசி முடிச்சுட்டாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியல, நீ நல்லா இருக்கணும்." ஐந்து வருடப் பழக்கம் அதோடு முடிந்தது. அப்புறம் பஸ் வந்தது. ஏறினேன். கண்டக்டர் கொடுத்த மகளிர் இலவசச் சீட்டை வாங்கி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தேன். அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறது. அதை ஏன் அவ்வளவு பத்திரமாக மடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு கோபி பக்கம். சாதி வேறு என்பதால் வீட்டில் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. ஆக, முறிந்ததையும் சொல்ல வழியில்லை. ஹாஸ்டல் அறையில் மூன்று பேர், அழுவதென்றால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழ வேண்டும். மாதம் ஒருமுறை ஊருக்குப் போனால் அம்மாயி கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "ஏங் கண்ணு, இப்படி எளைச்சுப் போயிட்ட? ஹாஸ்டல்ல சோறு போடறாங்களா இல்லையா?" என்று கேட்கும். அப்பா அந்தப் பக்கம் உட்கார்ந்து ஜாதகங்களை அடுக்கிக்கொண்டிருப்பார். ஒரு உறவு செத்துப்போய் அதற்குத் துக்கம் கேட்க ஆளில்லாமல், அதே வாரம் மாப்பிள்ளை போட்டோ பார்ப்பது எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

யாரிடமும் சொல்ல முடியாதவர்களுக்குப் புத்தகம்தான் முதல் துணை. அது திருப்பிக் கேள்வி கேட்காது, ஊருக்குப் போய்ச் சொல்லாது. என் முதல் ஆர்டர் இரவு இரண்டே முக்கால் மணிக்குப் போட்டது. தூக்கம் வராமல் போனில் "பிரிந்தவர் மனம் மாற" என்று தேடப்போய், விட்டுப்போன காதலரைத் திரும்ப வரவழைப்பது எப்படி என்று ஒரு ஆங்கிலப் புத்தகம் கண்ணில் பட்டது. 349 ரூபாய். மூன்று நாளில் வந்தது. முப்பது நாள் பேசாமல் இரு, அவனே தேடி வருவான் என்பதுதான் அதன் சாரம். நான் பேசாமல் இருந்தேன், ஆனால் சுவரில் காலண்டரை வைத்து எண்ணிக்கொண்டே இருந்தேன். முப்பத்தொன்றாம் நாள் அவன் வரவில்லை. புத்தகம் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை, நான்தான் சரியாகப் பேசாமல் இருக்கவில்லை போல என்று தோன்றியது. இந்த வகைப் புத்தகத்தில் உள்ள பெரிய ஆபத்தே இதுதான். பலிக்காவிட்டால் பழி படிப்பவர் மேல் வந்து விழும். அட்டையிலோ உள்ளடக்கத்திலோ "திரும்ப வருவார்" என்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது ஆறுவதற்கான புத்தகமே இல்லை, காத்திருக்க வைக்கும் புத்தகம்.

அடுத்த கட்டம் இன்னும் மோசம். அவனுக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கும் புத்தகங்களாக வாங்க ஆரம்பித்தேன். தன்னையே பெரிதாக நினைக்கும் நார்சிஸ்ட் என்றால் யார், உறவில் ஒட்டாமல் விலகி ஓடும் குணம் எங்கிருந்து வருகிறது, ஏமாற்றுபவர்களின் அடையாளங்கள் என்னென்ன என்று ஒன்றன் பின் ஒன்றாக. ஒரு புத்தகத்தில் இருபத்து மூன்று அடையாளங்கள் இருந்தன. பென்சிலால் டிக் அடித்துப் பார்த்தேன், அவனுக்குப் பதினேழு பொருந்தியது. ஒரு வெற்றிக் களிப்பு. பிறகு ஏதோ தோன்றி எங்கள் ஆடிட்டருக்குப் போட்டுப் பார்த்தேன், பதினைந்து. எனக்கே பத்து வந்தது. அப்போதுகூட நிறுத்தவில்லை. டிசம்பர் முழுக்க அவனைப் பற்றி ஒரு முனைவர் பட்டம் வாங்கும் அளவுக்குப் படித்தேன். மேசை மேல் புத்தகம் இருந்தது, உள்ளே அவன்தான் இருந்தான். படிப்பது என்ற பெயரில் நாள் முழுக்க அவனோடே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்க இப்போது ஒரு சின்ன சோதனை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் படித்து முடித்ததும் மனதில் ஓடும் அடுத்த வாக்கியம் "அவன்" என்று தொடங்குகிறதா, "நான்" என்று தொடங்குகிறதா? தொடர்ந்து பத்துப் பக்கம் "அவன்" என்றே வந்தால் அந்தப் புத்தகம் உங்களுக்கு இப்போது வேண்டாம். உங்களை அடித்தார், மிரட்டினார், பணம் பறித்தார் என்றால் கதை வேறு. அங்கே நடந்ததற்குப் பெயர் தெரிந்துகொள்வது பாதுகாப்புக்கே அவசியம். எனக்கு நடந்தது அப்படி ஒன்றும் இல்லை. ஒரு கோழை கல்யாணத்துக்குத் தலையாட்டிவிட்டுப் போனான், அவ்வளவுதான். அதற்கு நோய்ப் பெயர் தேடியது என் ஆற்றாமை.

பரிகாரக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருக்கிறது. இரவு இரண்டு மணித் தேடல்களைப் பார்த்துப் போனே விளம்பரம் காட்ட ஆரம்பித்தது. பிரிந்தவர் இருபத்தொரு நாளில் சேர. போட்டோவும் நட்சத்திரமும் கேட்டார்கள், ஜிபேயில் 5,500 அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, தோஷம் கடுமையாக இருக்கிறது, தகடு எழுத இன்னொரு 12,000 ஆகும் என்றார்கள். நல்லவேளை, அது மாதக் கடைசி, கையில் பணம் இல்லை. புத்தி வந்து தப்பிக்கவில்லை, பணம் தீர்ந்துதான் தப்பித்தேன். போட்டோவைக் கொடுத்துவிட்டோமே என்ற பயம் மட்டும் ரொம்ப நாள் இருந்தது. எந்தக் காரணத்துக்காகவும் போட்டோ அனுப்பாதீர்கள். பணம் போனால் போகிறது.

ஜனவரியில் சேர்ந்த ஆன்லைன் வகுப்பு கொஞ்சம் நாகரிகமான பரிகாரம். இருபத்தொரு நாளில் மனக்காயம் ஆற்றுவது. (எல்லாருக்கும் இருபத்தொரு நாள் மேல் என்ன பிரியமோ.) தினமும் காலையில் கண்ணாடியைப் பார்த்து, "நான் அன்புக்கு உரியவள், நான் முழுமையானவள்" என்று ஐம்பது முறை சொல்ல வேண்டும். அறைத் தோழிகள் சிரிப்பார்கள் என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னேன். அழுவதற்குத் திறந்த அதே குழாய். ஐந்தாம் நாளே, ஒவ்வொரு முறை சொல்லும்போதும் உள்ளே ஒரு குரல், "அப்படியா? அப்புறம் ஏன் விட்டுட்டுப் போனான்?" என்று கேட்க ஆரம்பித்தது. ஐம்பது முறை சொன்னால் ஐம்பது முறை கேட்டது. குழுவில் மற்றவர்கள் எல்லாம் பூப்படம் போட்டு "இன்று லேசாக உணர்கிறேன்" என்று எழுதினார்கள். நான் மட்டும்தான் தேறாத கேஸ் என்று நினைத்தேன். ரொம்பப் பின்னால், கனடாவின் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். கிட்டத்தட்ட இதே வாக்கியத்தைத்தான், "நான் அன்புக்கு உரியவன்" என்று, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல மதிப்பு உள்ளவர்களுக்குச் சின்ன நன்மை, மதிப்புக் குறைந்தவர்களுக்கு மனநிலை முன்பைவிட மோசம். வாசித்துவிட்டு எனக்கு 7,999 ரூபாய் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. அந்தச் சமயத்தில் உங்களைப் பற்றி நீங்களே நம்பாத ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லும் புத்தகமோ வகுப்போ உங்களைக் காயப்படுத்தினால், கோளாறு உங்களிடம் இல்லை.

பிப்ரவரியில் எடை 58-இலிருந்து 51-க்கு வந்துவிட்டது. இரவில் மூன்று மணி நேரம் தூங்கினால் பெரிது. ஒருநாள் வவுச்சரில் ஒரு சைபர் கூடுதலாகப் போட்டு, 14,500 போக வேண்டிய சப்ளையருக்கு 1,45,000 என்று தயார் செய்துவிட்டேன். கையெழுத்துக்குப் போகும் முன் ஸ்டோர்ஸில் இருக்கும் அக்கா ஒருவர் பார்த்துப் பிடித்தார். மேலே சொல்லவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன சாமி, யாரு போனது?" என்று கேட்டார். என்ன ஆச்சு என்று கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றிருப்பேன். யாரு போனது என்றதும் உடைந்துவிட்டேன். அவர் கணவரைப் பிரிந்து பன்னிரண்டு வருடம் ஆகிறதாம். நாலு வருடம் பக்கத்து அறையில் வேலை பார்த்தும் எனக்குத் தெரியாது.

அவரிடம்தான் முதல்முறையாக அந்த இன்னொரு விஷயத்தைச் சொன்னேன். செத்துப்போனால் தேவலை என்று அடிக்கடி தோன்றுகிறது என்பதை. அக்கா புத்தகம் எதுவும் தரவில்லை. அங்கேயே உட்கார வைத்து 14416-க்குப் போன் போட வைத்தார். அரசு நடத்தும் டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண், 2022 அக்டோபரில்தான் தொடங்கியிருந்தார்கள். காசில்லை, தமிழிலேயே பேசலாம். பேசிய பெண் அவசரப்படுத்தாமல் கேட்டுவிட்டு, மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். மறுநாள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சீட்டு எழுதி, இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை கொடுத்தார், தூங்கினேன். இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எந்தப் புத்தகத்திலும் எனக்கு இது முதல் பக்கத்தில் இருக்கவில்லை: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், சாவைப் பற்றி ஒருமுறை நினைத்தால்கூட, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆளைத் தேடுங்கள். 14416 இருக்கிறது, தமிழ்நாட்டில் 104 இருக்கிறது. தூங்காத மூளைக்குப் படிப்பது ஏறாது. நான் மூன்று மாதம் படித்ததில் ஒரு வரிகூட நினைவில் நிற்காததற்கு அதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது.

மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆன பிறகுதான் அக்கா ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். டேவிட் பர்ன்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1980-இல் எழுதிய 'ஃபீலிங் குட்'. முதுகு கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. என் பதினான்கு புத்தகங்களைப் பார்த்துவிட்டு அக்கா சொன்ன ஒரே நிபந்தனை: "இதை மட்டும் படி. வேற எதுவும் தொடாத. சனிக்கிழமை சனிக்கிழமை எதுவரைக்கும் படிச்சேன்னு எங்கிட்ட சொல்லணும்." பெயரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் புத்தகத்தையே மனச்சோர்வு உள்ளவர்களிடம் கொடுத்து, நான்கு வாரம் படிக்க வைத்து, பலன் இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஃபாரஸ்ட் ஸ்கோகின் என்பவர் வயதானவர்களிடம் நடத்திய 1989 ஆய்வு அதில் ஒன்று, நல்ல பலன் தெரிந்திருக்கிறது. நான் வாங்கிக் குவித்த பதினான்கில் ஒன்றைக்கூட யாரும் இப்படிச் சோதித்ததாகத் தெரியவில்லை. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விவரம், வாரம் ஒருமுறை போன் செய்து எப்படிப் போகிறது என்று விசாரித்திருக்கிறார்கள். அக்காவின் சனிக்கிழமையும் அதுதான். அவருக்கு அந்த ஆய்வைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நான் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். அந்த ஆங்கிலம் எனக்கு ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம்தான் ஓடியது, பாதி சொல்லுக்கு போனில் அகராதி பார்க்க வேண்டியிருந்தது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் அந்த மெதுவே என்னைக் காப்பாற்றியது என்று தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு ராத்திரியில் இருநூறு பக்கம் விழுங்குவேன். அது ஒரு மயக்க மருந்து, விடிந்தால் இறங்கிவிடும். இதில் விழுங்க வழியே இல்லை. அதோடு, அந்தப் புத்தகம் படிக்க மட்டும் விடாது, எழுதச் சொல்லும். பக்கத்தில் கோடு கிழித்து மூன்று பத்தி போட வேண்டும். முதல் பத்தியில் மனதில் தானாக ஓடிய நினைப்பு. இரண்டாவதில் அதில் என்ன கோணல் என்பது. கோணல்களுக்குப் பத்து வகை கொடுத்திருக்கிறார்: எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று பார்ப்பது, ஒன்றை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்டுவது, பிறர் மனதில் இருப்பதை நாமே படித்துவிடுவது, இப்படி. மூன்றாவதில் அதற்கு நியாயமான பதில். எனக்கு இது புதிதாகவே இல்லை. பற்று, வரவு, விவரம் என்று தினமும் போடும் பத்திகள்தான். அலுவலகத்திலிருந்து பழைய பேரேடு ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் தமிழிலேயே எழுதினேன்.

ஒரு பதிவை அப்படியே சொல்கிறேன். மார்ச் 22, இரவு ஒன்பதே கால். முதல் பத்தி: "அஞ்சு வருஷம் வீணாப் போச்சு." இரண்டாவது: எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. மூன்றாவது பத்தியில் ரொம்ப நேரம் ஒன்றும் எழுத வரவில்லை. வீணாகவில்லை என்று எழுதினால் பொய், அந்தக் கண்ணாடி வாக்கியம் மாதிரி ஆகிவிடும். கடைசியில் ஒரு கணக்காளராக யோசித்தேன். ஐந்து வருடத்தில் என்ன வந்தது என்று பட்டியல் போட்டேன். ஸ்கூட்டி ஓட்டக் கற்றது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் சான்றிதழ் வாங்கியது, அவன்தான் வற்புறுத்திச் சேர்த்துவிட்டான். ஊட்டியில் ஒரு மழை நாள். பிறகு என்ன போனது என்று எழுதினேன். அதில் பெரிய தொகை, முதுகலைக்குப் போகாமல் அவன் ஊரில் வேலை கிடைக்குமா என்று இரண்டு வருடம் காத்திருந்தது. கூட்டிக் கழித்து எழுதியது: "நட்டம்தான். திவால் இல்லை." அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். நவம்பருக்கு அப்புறம் தனியாக இருக்கும்போது சிரித்தது அதுதான் முதல் தடவை.

எழுதுவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் முன்பே விழுந்திருந்தேன். மனதில் உள்ளதைக் கொட்டி எழுதினால் பாரம் குறையும் என்று பல புத்தகங்கள் சொல்கின்றன. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் தொடங்கி வைத்த ஆய்வுகள்தான் அதற்கு மூலம். ஆனால் அவர் எழுத வைத்தது நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம். நான் ஒன்றரை மாதம், ராத்திரி ராத்திரி, தூங்கப் போகும் முன் எழுதினேன். ஒரே போனை, அந்தப் பதினொரு நிமிடத்தை, நாற்பது தடவை எழுதியிருக்கிறேன். டேவிட் ஸ்பாரா குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகக் கணவனோ மனைவியோ பிரிந்தவர்களில், நடந்ததையே அசை போடும் குணம் உள்ளவர்களுக்கு இப்படிக் கொட்டி எழுதுவது ஆறுதலைத் தள்ளிப்போட்டது என்று கண்டிருக்கிறார்கள். அந்தக் குணம் எனக்கு நிறையவே உண்டு. மூன்று பத்திக் கணக்கு ஏன் உதவியது என்றால், அதில் மூன்றாவது பத்தி இருந்தது. கொட்டி முடித்ததோடு எழுந்து போக முடியாது, பதில் எழுதிவிட்டுத்தான் மூட வேண்டும். எழுதுவதாக இருந்தால் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், பதினைந்து நிமிடம், சாயங்கால டீக்கு முன்னால். படுக்கையில் வேண்டாம்.

இதற்கெல்லாம் நடுவில் அவனுடைய வாட்ஸ்அப் 'லாஸ்ட் சீன்' பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கோடு போட்டுப் பார்த்தேன், நாற்பத்தொன்று. என்னை நானே காறித் துப்பிக்கொள்வேன், ஆனாலும் விரல் போகும். ஹெலன் ஃபிஷரும் சக ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகுதான் அந்த அருவருப்பு போனது. காதலில் கைவிடப்பட்டு இன்னமும் ஏங்கிக்கொண்டிருந்த 15 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, விட்டுப்போனவரின் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். கொக்கைனுக்கு ஏங்கும்போது விழிக்கும் பகுதிகளில் சில அப்போதும் விழித்திருக்கின்றன. அதாவது எனக்கு மானம் ரோஷம் இல்லாமல் இல்லை, இது குடி மாதிரி. குடிகாரனிடம் பாட்டிலைக் கொடுத்து மனஉறுதியாக இரு என்று யாரும் சொல்வதில்லையே. எண்ணை அழித்தேன், அது மனப்பாடம் என்பதால் பிளாக்கும் செய்தேன். படங்களை அழிக்கக் கை வரவில்லை, பென் டிரைவில் ஏற்றி அக்காவிடம் கொடுத்து, ஒரு வருடம் கழித்துக் கேட்டால் தரச் சொன்னேன். இன்னும் கேட்கவில்லை.

புத்தகங்களில் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை வேறொரு ஊருக்கு எழுதியவை. வீடு மாற்றுங்கள், தனியாகப் பயணம் போங்கள், நண்பர்களை அழைத்து மனம்விட்டுப் பேசுங்கள், தயாரானதும் புதியவரைச் சந்தியுங்கள் என்கின்றன. ஹாஸ்டலில் ஒன்பதரைக்குக் கேட் பூட்டிவிடுவார்கள். புதியவரை அப்பாவே ஜாதகத்தோடு கொண்டுவருகிறார். தமிழில் வந்தவற்றில் பல அப்படியே பெயர்த்தவை. "உங்கள் உள்ளிருக்கும் குழந்தையை அணைத்துக்கொள்ளுங்கள்" என்ற வரியைப் படித்துவிட்டு நானும் அறைத் தோழியும் கால் மணி நேரம் சிரித்தோம். ஆனாலும் அந்த ஊர்ப் புத்தகத்திலிருந்தே எனக்கு ரொம்ப வேண்டியிருந்த ஒரு சொல் கிடைத்தது. கென்னத் டோகா என்பவர் 1989-இல் எழுதியது. சுற்றி இருப்பவர்கள் துக்கம் என்றே ஏற்காத, வெளிப்படையாக அழ இடம் தராத துக்கத்துக்கு ஒரு தனிப் பெயர் வைத்தார். தமிழில் உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று சொல்லலாம். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று குழாயைத் திறக்காமல் அழுதேன். அறைத் தோழி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு டிசம்பரிலேயே தெரியுமாம்.

இன்னொரு புத்தகம் காசு கொடுத்து வாங்காதது. ஏப்ரலில் ஊருக்குப் போனபோது சித்தி மகன் பரிசாக வாங்கி வந்த திருக்குறள் கிடந்தது. பள்ளியில் எங்களுக்கு அறமும் பொருளும்தான் ஓடின, மூன்றாம் பாலை நான் திறந்ததே இல்லை. கண் அழுது அழிவது, உடம்பு நிறம் மாறுவது, தனிமை மிகுவது, கனவில் வருவது, சாயங்காலம் வந்தாலே வலிப்பது, கை கால் மெலிவது என்று அதிகாரத் தலைப்புகளே மருத்துவமனைச் சீட்டு மாதிரி வரிசையாக இருந்தன. தோள் மெலிந்து வளை கழன்றதைப் படித்துவிட்டு என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு ஓட்டை உள்ளே தள்ளிப் போட்டிருந்தேன். அதற்கு அடுத்து 125-ஆவது அதிகாரம், நெஞ்சொடு கிளத்தல். அந்தப் பெண் தன் நெஞ்சையே கூப்பிட்டு, இந்த நோய்க்கு ஏதாவது ஒரு மருந்து யோசித்துச் சொல்லேன் என்கிறாள். அடுத்த குறளில், அவருக்கு நம்மேல் காதல் இல்லாதபோது நீ மட்டும் வருந்துவது பேதைமை, வாழ்க நீ என்று அதே நெஞ்சைக் கிண்டல் செய்கிறாள். மூன்று பத்தியும் அங்கேயே இருக்கிறது. பதினான்கு புத்தகம் வாங்கிய என்னைப் பார்த்து அவள் இன்னும் ரெண்டு வாழ்த்துச் சொல்லியிருப்பாள். அன்று முதல் பேரேட்டில் மூன்றாவது பத்தியை நெஞ்சிடம் பேசுகிற மாதிரி, "இங்க பாரு" என்று ஆரம்பித்து எழுதினேன். பதில் சீக்கிரம் வந்தது.

முழுக்க ஆறிவிட்டதா என்று கேட்டால், மாத்திரையை டாக்டர் சொன்னபடி ஆறு மாதத்தில் குறைத்து நிறுத்தினோம். எடை 56. அவன் கல்யாண நாளன்று அரை நாள் லீவு போட்டேன், அந்த விடுப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை, ஜாதகங்களுக்கு மட்டும் ஒரு வருடம் தவணை வாங்கியிருக்கிறேன். முதுகலைக்கு அஞ்சல் வழியில் பதிவு செய்திருக்கிறேன்.

பதினான்கு புத்தகங்களில் பன்னிரண்டை டவுன்ஹால் பக்கம் பழைய புத்தகக் கடையில் போட்டேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்து, "இந்த டிக் அடிச்சதை வாங்க மாட்டாங்கம்மா" என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மற்றவைக்கு 420 ரூபாய். டைரியில் வரவு வைத்தேன். அக்காவின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "வெச்சுக்க சாமி, இன்னொருத்தி வருவா" என்றார். ஹாஸ்டலில் மாடி அறையில் இருக்கும் பெண்ணிடம் இப்போது அது இருக்கிறது, சனிக்கிழமை சனிக்கிழமை வந்து எதுவரை படித்தாள் என்று சொல்கிறாள். பேரேட்டில் அறுபத்தாறு பக்கம் நிரம்பியிருந்தது, மிச்சம் வெற்றுத் தாள். நல்ல கெட்டித் தாள், வீணாக்க மனம் வரவில்லை. அதில் ஏலச்சீட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.